டென்ட் காலை அறுக்காதீர்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய ராணுவச் சாமான்கள் வருவது புதிதல்ல. தண்ணீர்க் குப்பி, பித்தளை பக்கிள், தோட்டாப் பை என்று எல்லாவற்றையும் வாங்க ஆள் இருக்கிறது. கூடாரத்தின் கால்களைத்தான் சீந்துவாரில்லை. போன மாதம் அங்கே ஒரு கட்டு டென்ட் கால் கிடந்தது. கல்மூங்கில், தலையில் இரும்புப் பூண், பூணின் உச்சியில் விரல் பருமனில் ஒரு முள். துருவைத் தேய்த்துப் பார்த்தால் அம்புக்குறியும் அதன் கீழே ஆங்கில 'ஐ' எழுத்தும் 1943 என்ற ஆண்டும் தெரிந்தன. "பூணைக் கழட்டி எடைக்குப் போட்டுடுவோம் சார், மூங்கிலை ஏணிக்கு அறுத்துக்குவாங்க" என்றார் கடைக்காரர். அவர் மேல் குற்றமில்லை. அது என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதற்கான முத்திரை. 'ஐ' என்றால் இந்தியா. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தைத்த கூடாரங்கள் மத்திய கிழக்கு வரை போயின. அப்படிப் போர்க்காலத்தில் செய்த ஒன்றின் கால்தான் சந்தையில் ஏணிப்படியாகக் காத்திருந்தது.

எனக்கு இது தெரிந்ததற்குக் காரணம் என் அப்பா. ஆவடி ராணுவக் கிடங்கில் டென்ட் மெண்டராக இருந்தவர். ஐயப்பன்தாங்கலில் இருந்து தினமும் போய்வருவார். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவதும் கயிற்றுக்கண்களைத் தைப்பதும்தான் அவருடைய வேலை. ஆனால் அவர் பேச்சு முழுவதும் கால், முளை, கொட்டாப்புளி பற்றியே இருக்கும். "துணி கிழிஞ்சா தைக்கலாம். கால் போச்சுன்னா அது டென்ட் இல்ல, படுதா" என்பார்.

40 பவுண்டர், 80 பவுண்டர், 180 பவுண்டர் என்று எடையை வைத்தே கூடாரங்களுக்குப் பெயர். 180 பவுண்டு என்றால் 80 கிலோவுக்கு மேல். எங்கள் வீடு கட்டியபோது சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவல் இருக்க, ஏலத்தில் போன ஒரு பழைய 80 பவுண்டரை அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்தார். அன்றைக்கு எங்கள் தெருவில் பாதி காலி மனை. ஒவ்வொரு பாகத்தையும் தரையில் பரப்பி வைத்து எனக்கும் தம்பிக்கும் காட்டினார். இரண்டு கால்களின் உச்சி முள்ளும் முகட்டுக் கம்பின் துளைகளுக்குள் நுழைய வேண்டும். அதற்கு மேல் துணியின் கண். முள் துளையில் ஆடினால் காற்றடிக்கும்போது துணி அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் துளை போட்ட சிறு மரக்கட்டைகள் இருக்கும். முளையை நேராக அடிக்கக் கூடாது. தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஏரிப் பக்கத்து இளகிய மண்ணுக்கு இரும்பு முளை உதவாது, அகலமான மர முளைதான் பிடிக்கும்.

ஓர் இரவு நல்ல மழை. அப்பா எங்களை எழுப்பி, "கயித்தைத் தளத்துங்கடா" என்றார். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். அப்படியே விட்டால் முளையைப் பிடுங்கிவிடும், இல்லையென்றால் காலை முறித்துவிடும். இருட்டில் நனைந்துகொண்டே ஒவ்வொரு மரக்கட்டையாகத் தேடிப்பிடித்துத் தளர்த்தினோம். கூடாரம் நின்றது. இன்று நைலான் கயிறும் அலுமினியச் சட்டமும் வந்துவிட்டதால் இந்த அறிவு யாருக்கும் தேவைப்படவில்லை. அது பொருளோடு சேர்ந்து இருந்த அறிவு. பொருளை எடைக்குப் போட்டால் அதுவும் கூடவே போகும்.

நம் ஊருக்கும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரங்கிமலை மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. பூந்தமல்லியிலும் வெள்ளைக்காரத் துருப்புகளின் முகாம் இருந்தது. ஐயப்பன்தாங்கல் வழியாகப் போகும் மவுண்ட் - பூந்தமல்லி சாலை இந்த இரண்டையும் இணைக்கும் சாலை. படை நகர்ந்தால் அதற்கு முன்னே கூடாரம் நகரும். அதைச் சுமந்து, அடித்து, பிரித்து, மறுபடி கட்டிய கலாசிகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று தள்ளவும் முடியாது. முல்லைப்பாட்டின் பாசறையில் கோல் நட்டுக் கயிறு இழுத்துக் கட்டிய இருக்கைகள் வருகின்றன. முக்கோலில் காவித் துணியைப் போட்டிருக்கும் அந்தணனை அதற்கு உவமையாக வைக்கிறார் நப்பூதனார். நெடிய கோல்களை நட்டுத் திரை வளைத்த அரசனின் இருப்பிடமும் அதே பாட்டில் உண்டு. 103 அடிப் பாட்டில் கூடாரக் காலுக்கும் இடம் கொடுத்த மொழி நம்முடையது.

அரசர்களின் கூடாரங்களுக்குக் குறையில்லை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் அச்சுப்பூத் துணிக் கூடாரம், அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்துக்குப் போய், இன்று வேல்ஸ் நாட்டின் பவிஸ் கோட்டையில் பத்திரமாக இருக்கிறது. சிப்பாயின் கூடாரத்துக்குத்தான் நாதியில்லை. வெளிநாட்டில் அதையும் தேடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் ஒவ்வொருவரும் பாதிக் கூடாரத் துணி, மூன்று துண்டாக மடங்கும் ஒரு கால், ஐந்து முளை சுமந்தார். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு கூடாரம். முத்திரை அழியாத அந்தக் கால்களையும் முளைகளையும் அங்கே சேகரிப்பாளர்கள் ஒன்றுவிடாமல் வாங்கிச் சேர்க்கிறார்கள்.

இங்கே செட் உடைந்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். துணி லாரிக்குப் படுதாவாகிறது. முளை பழைய இரும்புக்கடைக்குப் போகிறது. கொட்டாப்புளி யார் வீட்டிலோ தேங்காய் உடைக்கிறது. துப்பாக்கியையும் வாளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம். சிப்பாய் சுட்ட நேரம் கொஞ்சம். படுத்த நேரம், கடிதம் எழுதிய நேரம், காய்ச்சலில் கிடந்த நேரம் எல்லாம் கூடாரத்தில்தான். அவன் வாழ்ந்த இடத்தைக் காட்டாமல் அவன் கொன்ற கருவியை மட்டும் காட்டுவது அரைகுறை வரலாறு.

1948-இல் திறந்த ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு என் கோரிக்கை இது. ஒரே ஒரு 180 பவுண்டரை முழு செட்டாகத் தேடிப் பிடியுங்கள்: கால், முகட்டுக் கம்பு, கனாத்து என்ற பக்கத் திரை, முளை, கயிறு, கொட்டாப்புளி, எல்லாவற்றையும் கட்டும் பை வரை. கோட்டைக்குள் இடமா இல்லை? மழைக்காலம் முடிந்ததும் வெட்டவெளியில் அடித்து வையுங்கள், பள்ளிப் பிள்ளைகள் உள்ளே நுழைந்து பார்க்கட்டும். எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆவடியிலும் பட்டாபிராமிலும் ஓய்வுபெற்ற டென்ட் மெண்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளாமல் இந்த ஆண்டே அவர்களைக் கூப்பிடுங்கள்.