இது எந்தச் சுவர்?

நேயர்களே, உலகத்தில் சிலருக்குத் தபால் தலை சேர்க்கும் பைத்தியம் உண்டு. சிலருக்குப் பழைய நாணயம் சேர்க்கும் பைத்தியம். எனக்குப் பிடித்திருப்பதோ செலவு குறைந்த, ஆனால் செருப்பு அதிகம் தேயும் பைத்தியம். ரயில் ஓடாமற்போன பாதைகள், ஆள் நடமாட்டமற்ற ஸ்டேஷன்கள், கூரை பறந்துபோன கட்டடங்கள் இவற்றைத் தேடிப் போய்ப் படம் பிடித்து, ஒவ்வொன்றின் கீழும் 'இது இன்னது' என்று எழுதி ஆல்பத்தில் ஒட்டி வைப்பதுதான் அது. "பழனிக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பார், பாழடைந்த இடம் என்றால் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார்" என்று என் மனைவி உறவினர்களிடம் என் பெருமையைப் பேசுவது வழக்கம்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தனுஷ்கோடியை விடப் பெரிய க்ஷேத்திரம் கிடையாது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பலுக்கு மாறுவார். தலைமன்னாரில் கரையேறி, அங்கே ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேருவார். அந்தப் போக்குவரத்தை நம்பி மணல் திட்டின் மேல் ஒரு ஊரே இருந்தது. ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் அவ்வளவும் போயிற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய பாஸஞ்சர் வண்டி தனுஷ்கோடியை எட்டுவதற்குள் கடல் அதை வாரிக்கொண்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை. பாம்பன் பாலமும் சின்னாபின்னமாயிற்று. ஆனால் அதை 46 நாட்களில் செப்பனிட்டு மறுபடி ரயில் விட்டார்கள். ராமேசுவரத்துக்கு வண்டி வந்தது. தனுஷ்கோடிக்கு வரவில்லை. 'மனிதர் வாழத் தகாத இடம்' என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. மீனவர்கள் மட்டும் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் குடிசை போட்டுக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறார்கள்.

நான் முதல் தடவை அங்கே போனபோது சாலை கிடையாது. வேனில் ஏறி, மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டும். மாதா கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு ஜன்னல் துவாரங்களுடன் ஒற்றைச் சுவர் ஒன்று நின்றது. "இது தபாலாபீஸ் சார்" என்றான் வேனில் வந்த பையன். 2017-ல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை போட்ட பிறகு, பஸ்ஸில் சௌகரியமாகப் போனேன். அப்போது வேறொரு பையன் அதே சுவரைக் காட்டி, "ஆஸ்பத்திரி சார்" என்றான். சங்கு விற்கும் கடைக்காரரைக் கேட்டேன். "சுங்க ஆபீஸ்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்றில் எது கம்பீரமாக இருக்கிறது என்று யோசித்து, படத்துக்குக் கீழே 'சுங்க ஆபீஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்!

சென்ற மாதம் என் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். அவருடைய தகப்பனார் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் லீவுக்குக் குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்கு வருவார்கள். இந்த விஷயம் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால், அதைப் பற்றி அவரை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றியதில்லை. பத்து மணி நேரம் பஸ்ஸில் பிரயாணம் செய்து சுவர்களைக் கேட்கப் போனவன், கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவரைக் கேட்கவில்லை!

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டினார். ஒற்றைச் சுவர் வந்ததும் விரல் நின்றது.

"இதை யாருப்பா சுங்க ஆபீஸுன்னு சொன்னது?"

"அங்கே விசாரித்தேன், பெரியம்மா."

"பின்னாலேயே மாதா கோயில் தெரியுதே! இது ஊருக்குள்ளே. எங்களைச் சோதனை போட்டது கப்பல் துறையிலே. இறங்கினவுடனே அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டுவாங்க. அதுக்கப்புறம்தான் ரயில்."

"அப்படியானால் இது எந்தச் சுவர்?"

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தப் பக்கம் போனதேயில்லை" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். அவர் ஊகித்துக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். என் முகம் சுண்டிவிட்டது.

அடுத்த பக்கத்தில் மணலையும் கடலையும் தவிர ஒன்றுமே இல்லாத ஒரு படம். துறை இருந்த பக்கம் என்று மீனவர் ஒருவர் கை காட்ட, எடுத்து வைத்தது. உபயோகமற்றது என்று கிழித்துப் போட இருந்தேன். பெரியம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"1960-லே எனக்குப் பத்து வயசு. செருப்பைக் கப்பலிலேயே தொலைச்சுட்டேன். மணல் தீயாய்ச் சுட்டது. ஒரு போர்ட்டர் தலையிலே பெட்டி, இடுப்பிலே என்னைத் தூக்கிக்கிட்டு ரயில் வரைக்கும் வந்தார். கையிலே பித்தளை வில்லை கட்டியிருந்தார். நம்பர் 17. அதுக்கப்புறம் எப்போ வந்தாலும், 'செருப்பு இருக்கா பாப்பா?'ன்னு கேட்பார். புயல் சேதி வந்த அன்னைக்கு அப்பா கடையைப் பாதியிலே அடைச்சுட்டு வந்து, 'அந்தப் பதினேழு என்ன ஆனாரோ!'ன்னாங்க. நம்பர்தான் தெரியும், தம்பி. பேரைக் கேட்கவே இல்லையே!"

நேயர்களே, என் ஆல்பத்தில் செங்கல்லின் நீள அகலம் இருக்கிறது. எந்த மாதம், எந்த வேளை எடுத்த படம் என்பதுகூட இருக்கிறது. அங்கே நடமாடிய மனிதர் ஒருவரைப் பற்றியாவது ஒரு வரி கிடையாது. இருந்த ஒரு பெயரும் நானாகக் கட்டிவிட்ட பொய்! இந்த ஆல்பத்தை நாளைக்கு ஒருவர் பார்த்துத் தாமும் அப்படியே எழுதுவார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். புயல் ஊரைத்தான் அழித்தது. அதன் விலாசத்தையும் சேர்த்து அழிப்பது என்னைப் போன்ற அவசரக்காரர்களின் கைங்கரியம்.

இப்பொழுது ஒரு நியமம் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு சங்கதிகள்: எடுத்த தேதி, எங்கே நின்று எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, விவரம் சொன்னவர் யார், அவர் கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா. தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுவது. ஒற்றைச் சுவரின் கீழே இருந்த கொட்டை எழுத்தை அடித்துவிட்டு அந்த வார்த்தையை எழுதியபோது, பரீட்சையில் காப்பியடித்து அகப்பட்டுக்கொண்ட பையனைப் போல் இருந்தது. ஆனால் இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் மூடிக் கிடக்கும் ஸ்டேஷன் ஒன்று இருக்கலாம். ஓடாத மில், பூட்டிய பங்களா இருக்கலாம். போய்ப் படம் எடுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு முறை பாருங்கள். சுவர் இன்னும் சில வருஷம் காத்திருக்கும். புயலன்று பத்து வயதாயிருந்தவருக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது. பழைய பாம்பன் பாலத்திலும் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தாயிற்று. பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தவர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கேட்டு வைத்துக்கொள்ள இதுவே சமயம்.

கிழித்துப் போட இருந்த அந்த மணல் படம் இப்போது ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்:

'தனுஷ்கோடித் துறைப் பக்கம். 1960-ல், 17-ம் நம்பர் போர்ட்டர், செருப்பில்லாத ஒரு சிறுமியை மணல் சுடாமல் தூக்கிச் சென்ற இடம். அவர் பெயர் தெரியவில்லை. விவரம் சொன்னவர்: அந்தச் சிறுமி.'