கட்டணம் கட்டாதவர்களின் கோடை

2024 நவம்பர் 13 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட பயிற்சித் துறை விளம்பர வழிகாட்டுதல்களை நம் வாசகர்கள் படித்திருப்பார்கள். அவை போட்டித் தேர்வு மையங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வணிகவியல் ஆசிரியர்களான நமக்கு எழும் கேள்வி வேறு. பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்காகத் தனியார் வளாகங்களில் நடக்கும் கோடைக்கால வணிக மேலாண்மை முகாம்களையும் இவை கட்டுப்படுத்துமா? அடுத்த கோடைக்கான துண்டறிக்கைகள் நம் பள்ளிகளுக்கு வந்து சேருமுன் இவ்விதழ் தன் நிலையைச் சொல்லிவிடுகிறது: கட்டுப்படுத்த வேண்டும், ஆனால் இன்றுள்ள வாசகத்தில் தப்பிக்க வழி இருக்கிறது.

வரையறையைப் பாருங்கள். கல்வி, வழிகாட்டல், படிப்புத் திட்டம் எல்லாம் 'பயிற்சி'க்குள் அடங்கும். ஆனால் ஆலோசனையும் விளையாட்டு, நடனம், நாடகம் போன்ற ஆக்கச் செயல்பாடுகளும் விலக்கு. 50 பேருக்கு மேல் பயிற்சி தந்தால்தான் அது 'மையம்'. 40 பேரைச் சேர்த்து, 'தொழில்முனைவு ஆலோசனை முகாம்' என்று பெயர் வைத்துவிட்டால் விலக்குக் கேட்டு வாதாடலாம். 2024 ஜனவரியில் கல்வி அமைச்சகம் தந்த வழிகாட்டுதல்களிலும் இதே 50, இதே விலக்குகள். 16 வயது நிரம்பாதவரைப் பயிற்சி மையத்தில் சேர்க்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. அதே பிள்ளையை இரண்டு வார விடுதி முகாமில் சேர்ப்பதைப் பற்றித் தெளிவாக ஒரு சொல்லும் இல்லை. 2024–25 கல்வியாண்டு முதல் பிபிஏ படிப்பே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றத்தின் (ஏஐசிடிஇ) அனுமதிக்குள் வந்துவிட்டது. அந்தப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகாமுக்குப் பொறுப்பாளர் யார்?

ஆணையத்தின் வழிகாட்டுதல்களில் நல்ல விதிகளும் உண்டு. அவற்றை இப்போதே கையில் எடுப்போம். தேர்வானவரின் படத்தைப் போட்டால் அவர் படித்த பயிற்சி எது, எத்தனை நாள், கட்டணம் கட்டினாரா என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வுக்குப் பிறகு அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். 'இன்னும் சில இடங்களே' என்று பொய்யாக அவசரப்படுத்தக் கூடாது. இந்தூர் ஐஐஎம் 2011இல் தொடங்கிய ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்த ஒருவரின் படம் முகாம் விளம்பரத்தில் வந்தால், அவர் அங்கே எத்தனை நாள் இருந்தார் என்று கேளுங்கள். பதில் வராத முகாமின் துண்டறிக்கையை வகுப்பில் கொடுக்காதீர்கள். மாணவர் பெயர்ப்பட்டியலையும் யாருக்கும் தராதீர்கள்.

இவ்வளவும் பணம் கட்டுகிறவருக்கான காப்பு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விலை கொடுத்துச் சேவை பெறுபவரே நுகர்வோர். முகாமுக்குக் கட்டணம் கட்டவே முடியாத பிள்ளை இந்த ஆணையத்தின் கண்ணில் படவே மாட்டார். இவ்விதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை இதுதான்.

பொன்னேரி வட்டம் காட்டூரையும் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பங்களையும் எடுத்துக்கொள்வோம். அங்கே வணிகவியல் பிரிவு படிக்கும் மாணவருக்குக் கோடை என்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும்தான். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வரத்துக் குறையும், விலை ஏறும். தேவை–அளிப்பு வரைபடம் ஏலக் கூடத்தில் அசைவதைக் காண இதைவிட நல்ல பருவம் இல்லை. வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்த மீனை அவரிடமே போட வேண்டியிருந்தால், அந்தக் கடனின் உண்மையான வட்டி எவ்வளவு? விலையில் குறையும் ரூபாயை எந்தக் கணக்கில் பற்று வைப்பது? பிளஸ் 2 கணக்குப்பதிவியல் படித்த எவருக்கும் இது நல்ல பயிற்சிக் கணக்கு.

அதோடு பாடு முறை. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, உரிமையுள்ளவர்களுக்கு முறைவைத்துப் பங்கிடும் ஊர் ஏற்பாடு அது. பொதுவளத்தை நிர்வகிப்பதற்கு ஆய்வாளர்கள் தேடிவந்து படிக்கும் சான்று. அதற்குள்ளேயே கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது: பெண்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அதில் ஏன் பங்கில்லை? எந்த முகாமின் பாடத்திட்டத்துக்கும் இது குறைந்ததா?

அரசு என்ன செய்கிறது? விடுமுறையில் சிறப்பு வகுப்பு கூடாது என்று ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. பாடப் பகுதியை முன்கூட்டியே முடிக்கும் வகுப்புகளுக்கு அந்தத் தடை சரி, நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் அந்த மே மாதத்தில் வசதியுள்ள பிள்ளை வளாகத்துக்குப் போகிறார். காட்டூர்ப் பிள்ளைக்குப் பள்ளியின் கதவு பூட்டிக் கிடக்கிறது. 2022 மார்ச் 1இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் யுனிசெஃப்புடன் நடத்தும் பள்ளிப் புத்தாக்கத் திட்டம் இருக்கிறது. இரண்டையும் மதிக்கிறோம். ஆனால் ஏலக் கூடத்துக்கு மாணவரை அழைத்துப் போக ஒரு வணிகவியல் ஆசிரியருக்குப் பணிநாளும் பயணப்படியும் தரும் ஆணை எங்கே? டெல்லி அரசு 2021இல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' திட்டத்தில் தன் பள்ளி மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் விதைப்பணம் கொடுத்தது. டெல்லியைவிட நீண்ட வணிகக் கல்வி மரபுள்ள நம் மாநிலம் தன் கடற்கரைப் பிள்ளைகளின் கையில் இன்னும் துண்டறிக்கையைத்தான் விட்டுவைத்திருக்கிறது. இதைக் கேட்டால் அலுவலகங்கள் ஒன்றையொன்று கை காட்டுகின்றன. பொறுமையாகக் கேட்டாகிவிட்டது, இனி எழுத்தில் பதில் வேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஆணையம், 18 வயதுக்குட்பட்டோர் தங்கிப் பயிலும் எந்த முகாமுக்கும் 50 என்ற எல்லையை நீக்க வேண்டும்; பல்கலைக்கழகங்கள் நடத்தினாலும் விதி செல்லும் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். பள்ளிக் கல்வித் துறை, மே மாதத்தில் பத்து நாள் உள்ளூர் வணிகப் பயிற்சிக்குச் சிறப்பு வகுப்புத் தடையிலிருந்து விலக்குத் தந்து, அதை நடத்தும் ஆசிரியருக்கு ஈட்டிய விடுப்பு அளிக்க வேண்டும். மீன்வளத் துறை, தன் ஏலத் தளங்களை அந்தப் பத்து நாளும் மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். வரும் மே மாதத்திலேயே இதைத் தொடங்கலாம். பாடத்திட்டம் எழுதித் தர இவ்விதழின் வாசகர்கள் போதும். ஆணை பிறப்பிக்க வேண்டியது அரசு.