ஒலிம்பிக் கட்டமரானை எந்தக் காற்றில் தேர்ந்தெடுப்பது?

கிராஞ்சி அணைக்கட்டின்மேல் நின்றிருக்கிறீர்களா? ஒரு பக்கம் நன்னீர்த் தேக்கம், மறுபக்கம் ஜோகூர் நீரிணையின் உப்பு நீர். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே முடி கலையும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் பல நாள்களில் சட்டைக் காலர்கூட அசையாது.

அந்த அசையாத காலரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு எந்தக் கட்டமரானைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வியில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. போகிற வழியில் பொருள் மாறிவிட்டது. நம் மீனவர்களுடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. பந்தயத்தில் ஓடுவதோ, பசிபிக் தீவுவாசிகளின் படகைப்போல, இரண்டு மெல்லிய உடல்களை இடைவெளி விட்டு இணைத்தது.

ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை டொர்னாடோ என்ற கட்டமரான் ஓடியது. 2012 லண்டனில் கட்டமரான் பிரிவே இல்லை. அதே ஆண்டு, ஸ்பெயினின் சாந்தாந்தேர் கடலில் பல படகுகளை ஓட்டிப் பார்த்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்டும் பிரிவுக்கு நாக்ரா 17 தேர்வானது. 2016 ரியோவில் சிங்கப்பூரின் ஜஸ்டின் லியூவும் டெனிஸ் லிம்மும் அதை ஓட்டினார்கள். பிறகு படகே மாறியது. டோக்கியோவுக்கு முன் அதற்கு ஃபாயில் பொருத்தினார்கள். ஃபாயில் என்பது நீருக்குள் இருக்கும் சிறகு. வேகம் கூடினால் படகை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடும். பார்க்க அற்புதமாக இருக்கும், மறுக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஃபாயிலின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது 320 கிலோவைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 10 ஆகக் குறைந்தால் தூக்குவது பாதி அல்ல, கால் பங்கு: 80 கிலோ. படகு எழும்பாது. எழும்பாத படகுக்கு ஃபாயில் ஒரு சுமை. நீரைக் கிழித்து இழுவையைத்தான் கூட்டும்.

“2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மேக்ஸ் மேடர் ஃபாயிலில்தானே வெண்கலம் வென்றார்?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் அவருடைய ஃபாயில் தூக்க வேண்டியது ஒரு மனிதரையும் ஒரு பலகையையும் மட்டுமே. இழுக்கும் பட்டமோ உயரத்தில், காற்று அதிகமுள்ள இடத்தில் பறக்கிறது. அப்படியிருந்தும் மார்சேயில் காற்றில்லாமல் பல பந்தயங்கள் தள்ளிப்போயின. கட்டமரானின் ஃபாயில் இரண்டு பேரையும் முழுப் படகையும் தூக்க வேண்டும்.

எடையும் இப்படித்தான். காற்று பலமாக வீசும்போது படகு கவிழாமலிருக்க ஓட்டுநர்கள் கம்பியில் தொங்கி வெளியே சாய்வார்கள். இயற்பியல் வகுப்பில் ‘மோமென்ட்’ என்று படிக்கிறீர்களே, அதுதான்: எடை பெருக்கல் தூரம். படகின் மறுபக்க உடலிலிருந்து 3.5 மீட்டர் தள்ளித் தொங்கும் 140 கிலோ இணைக்கு 490 கிடைத்தால், 115 கிலோ இணைக்குச் சுமார் 400தான். அதே 115 கிலோ இணை மெல்லிய காற்றில் முந்தும். ஆக, எந்தக் காற்றில் சோதிக்கிறோம் என்பதே எந்த உடல்வாகு வெல்லும் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது.

ரியோவுக்குப் பிறகு டோக்கியோவிலும் பாரிசிலும் இந்தப் பிரிவில் சிங்கப்பூர் இல்லை. பழியை ஃபாயில்மீது மட்டும் போடுவது நியாயமல்ல. பயிற்சிக்குத் துணையாக இன்னொரு படகு, வெளிநாட்டுப் பயணம், கப்பலில் அனுப்பும் செலவு எல்லாம் சேர்கின்றன. உடையும் ஃபாயிலின் விலை வேறு.

ஆகவே என் கருத்து இது. அடுத்த முறை கட்டமரானைத் தேர்வு செய்யும்போது சோதனைக் களங்களில் ஒன்று நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கட்டும். ஈஸ்ட் கோஸ்ட்டில் நம் தேசியப் பாய்மரப் படகு மையம் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் வரச் சொல்லுங்கள். 115 கிலோ இணை ஒன்றையும் ஏற்றி, காற்று ஏறக்குறைய நின்றுபோன ஒரு பிற்பகலில் எந்தப் படகு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும்.