கதைக்குள் நுழையும் விளம்பரம்

டி.வி. சீரியலுக்கு நடுவே விளம்பரம் வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில்தான் எழுந்துபோய் அடுப்பில் வைத்த பாலை இறக்க முடிகிறது. விளம்பரம் என்று தெரிந்துதான் பார்க்கிறோம். நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். ஆனால், கதைக்குள்ளேயே புகுந்துவிடும் விளம்பரத்தை என்ன செய்வது?

என் மாமியாருக்குப் பல வருடங்களாக சர்க்கரை வியாதி. விளம்பரம் வந்தாலே, 'எல்லாம் காசுக்கு நடிக்கிறாங்க, மாத்தும்மா' என்று சொல்பவர். அவர் தினமும் பார்க்கும் சீரியலில் கதாநாயகி தன் மாமியாருக்கு ஒரு சத்து பானத்தை ஆற்றிக் கொடுத்தாள். டப்பாவின் பெயர் நன்றாகத் தெரியும்படி காமிரா அதன் மேலேயே நின்றது. 'இதைக் குடிச்சா முழங்கால் வலியே இருக்காது அத்தை' என்று வசனம் வேறு! மறுநாள் காலையிலேயே, 'அந்தப் பொண்ணு மாமியாரை எப்படித் தாங்குறா பாரு' என்று ஆரம்பித்து விட்டார். கடையில் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், சேர்த்திருக்கும் பொருட்களில் இரண்டாவதே சர்க்கரை. சொன்னாலும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. மருமகள் காசுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று நாத்தனாருக்குப் போனில் தகவல் போய்விட்டது!

விளம்பரத்தை நம்பாதவர் கதையை நம்புகிறார். கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த நம்பிக்கையைத்தான். சினிமாவிலும் ஹீரோ ஓட்டும் பைக், கையில் வைத்திருக்கும் போன் என்று இதே கதைதான். அது போகட்டும், பைக் வாங்கு என்று மாமியார் கேட்கப் போவதில்லை. வாயில் போடும் பொருள் அப்படியா?

நிகழ்ச்சியிலிருந்து விளம்பரம் தனியாகத் தெரிய வேண்டும் என்று நம் நாட்டு கேபிள் டி.வி. விதிகளிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் என்ற கணக்கும் உண்டு. கதாநாயகி டப்பாவைத் தூக்கிக் காட்டும் நேரத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களாம்? பிரிட்டனில் 2011-ல் இந்த மாதிரி விளம்பரத்தை அனுமதித்தபோதே, அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் 'பி' என்ற ஆங்கில எழுத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்று விதித்து விட்டார்கள். அங்கே தயாராகும் நிகழ்ச்சிகளில் மருந்து, மது, கொழுப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தின்பண்டம் இவற்றை நுழைக்கவே கூடாதாம்.

நமக்கும் இது புதிதில்லை. 2012-லிருந்து, படத்தில் யாராவது சிகரெட் பற்ற வைத்தால் கீழே எச்சரிக்கை வாசகம் போடுகிறார்களே! அதேபோல, 'இந்தக் காட்சி விளம்பரம்' என்றும் போடலாம். சும்மா மூலையில் பொடி எழுத்தில் ஒரு நொடி காட்டிவிட்டு மறைக்கக் கூடாது. டப்பா திரையில் இருக்கும் வரை, கண்ணாடி போட்ட வயசானவர்களும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக, தமிழில் போட வேண்டும்.