பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் எங்கே அழைத்துப் போவது என்பதற்கு நம் எல்லாரிடமும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். முதல் நாள் மெர்லயன், மரினா பே. இரண்டாம் நாள் செந்தோசா. மூன்றாம் நாள் தேக்கா. நான்காம் நாள் விலங்கியல் தோட்டம். அதற்குள் விருந்தாளிக்குக் கால் வலி வந்துவிடும், பட்டியலும் முடிந்துவிடும். பதினான்கு ஆண்டுகளில் இந்தச் சுற்றுலாவை நான் இருபது தடவையாவது நடத்தியிருப்பேன். எந்த இடத்தில் நின்றால் படத்தில் மூன்று கோபுரமும் விழும், எந்த நேரத்தில் போனால் வரிசை இருக்காது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

கடந்த ஜூலையில் அம்மா வந்திருந்தார். அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன்பிறகு அவர் இங்கு வருவது இதுவே முதல் முறை. பட்டியலை அவரிடமும் நடத்திக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். மெர்லயன் முன்னால் நின்று, “நல்லாருக்குப்பா, தண்ணி நிக்காம ஊத்துது” என்றார். அவ்வளவுதான்.

இரண்டாம் வாரம், சமையலறையில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“தம்பி, ஆடி பதினெட்டு ஞாயித்துக்கிழமை வருது. இங்க ஆறு எங்க இருக்கு?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சிங்கப்பூர் ஆறு என்றால் படகுத்துறையும் உணவகங்களும்தான் ஞாபகம் வந்தன. அங்கே காதோலை கருகமணியோடு அம்மாவை உட்கார வைப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. “ஆறு எதுக்கு அப்பாயி?” என்று மகள் கேட்டாள். ஒன்பது வயது. அம்மா என்னைப் பார்த்தார். ‘இதைக்கூட நீ இவளுக்குச் சொல்லவில்லையா?’ என்பது அந்தப் பார்வை.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. காவிரியின் கிளை அது. கோடையில் அதில் மணல்தான் ஓடும். நாங்கள் பம்பரம் விளையாடியதும் சைக்கிள் பழகியதும் ஆற்றுக்குள்தான். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலியில் செய்தி வந்தால் ஊரே கணக்குப் போட ஆரம்பிக்கும். மேட்டூரிலிருந்து கல்லணைக்கு இத்தனை நாள், கல்லணையிலிருந்து நமக்கு இத்தனை நாள் என்று டீக்கடையில் ஆளுக்கு ஒரு கணக்கு. கடைசியில் யாராவது ஒரு பையன், “தண்ணி வந்துருச்சு” என்று கத்திக்கொண்டு ஓடி வருவான். எல்லாரும் ஓடுவோம். நுரையும் சருகும் சுள்ளியும் எறும்புமாக, சாரைப்பாம்பு ஊர்வதுபோல் மணலில் நெளிந்து வரும் அந்த முதல் தண்ணீர். அதன் கூடவே ஆற்றுக்குள் ஓடுவோம். அது நம்மை முந்திப் போகும்வரை ஓடலாம்.

ஆடி பதினெட்டுக்குள் ஆறு நிரம்பிவிடும். பெண்கள் படித்துறையில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி, பேரிக்காய், விளாம்பழம் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். நாங்கள் சப்பரம் இழுப்போம். அணையில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளும் உண்டு. அப்போது மணலில் ஊற்றுத் தோண்டி, கசிந்த நீரைச் சுற்றி உட்கார்ந்து அதே பூசையைச் செய்வார்கள். ஆறு வராவிட்டாலும் ஆற்றைக் கும்பிடாமல் இருந்ததில்லை.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் புளோக்கிலிருந்து பதினைந்து நிமிட நடையில் ஒரு ஆறு இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அதன் கரையில்தான் ஓடுகிறேன். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஓடும் காலாங் ஆறு. நான் அதை எப்போதும் ‘பூங்கா’ என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்பி, பத்து கிலோமீட்டர் ஓடி, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது காலாங். சிங்கப்பூரின் ஆக நீளமான ஆறு இதுதான். இந்தப் பூங்கா ஓரத்தில் முன்பு அது ஆறாகவே இல்லை. 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோட்டில் போட்ட கான்கிரீட் வாய்க்கால். 2012இல் அந்தக் கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டு, மண்ணும் கல்லும் செடியுமாகக் கரை அமைத்து, வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறாக அதை மாற்றினார்கள். உடைத்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை. பூங்காவிலேயே ஒரு குன்றாகக் குவித்துவிட்டார்கள். இப்போது ஆற்றில் கொக்கு நிற்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைக் கடித்துக்கொண்டு கரையேறுவதையும் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். முதல் நாளே தேக்காவில் எல்லாம் வாங்கியாகிவிட்டது. தேசிய தினத்துக்கு இன்னும் ஆறு நாள்தான். வீவக வீடுகளின் மாடத்தில் எல்லாம் சிவப்பு வெள்ளைக் கொடி. “ஊரே தோரணம் கட்டியிருக்கு” என்றார் அம்மா.

வழியிலேயே சொல்லிவிட்டேன்: “அம்மா, இங்க ஆத்துல எதையும் போடக்கூடாது. பூவைக்கூடப் போடக்கூடாது. கும்புட்டுட்டு எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துடணும்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். “அதுவும் சரிதான். நம்ம ஊருல போட்டுப் போட்டுத்தானே ஆறு அப்புடிக் கெடக்கு” என்றார்.

ஆற்றின் குறுக்கே கற்கள் பதித்த இடத்துக்குப் போய்ச் சேரவும் மேற்கே வானம் கறுக்கவும் சரியாக இருந்தது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையிலும் காலையிலும் வருமே, அந்தக் காற்றுமழை. ஓடிப்போய் ஒரு கூடாரத்தில் ஒதுங்கினோம். மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பக்கத்தில் நின்றவர் முகம்கூடத் தெரியாத மழை. எங்கிருந்தோ எச்சரிக்கை ஒலி கேட்டது. ஆற்றில் நீர்மட்டம் ஏறினால் விளக்கு எரிந்து ஒலி எழுப்பும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. கீழே யாரும் நிற்காமல் மேலேறி வந்துவிட வேண்டும்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறியது. அரை மணி நேரத்துக்கு முன் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், செம்மண் நிறத்தில், சருகும் சுள்ளியும் நுரையுமாக வந்தது. தாண்டிப் போகலாம் என்று நினைத்திருந்த கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கரையின் புல்லெல்லாம் ஓடும் திசையில் தலை சாய்த்தது.

அம்மா எழுந்து நின்றார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. “புதுத்தண்ணி” என்றார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, “பாத்துக்கடி. இதுக்குத்தான் ஆறு கேட்டேன்” என்றார்.

கூடாரத்துத் தரையிலேயே இலையைப் போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தார். மகளுக்கும் என் மனைவிக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். மழைக்கு ஒதுங்கியிருந்த சீன மூதாட்டி ஒருவர் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் ஒரு பிடி காப்பரிசி போனது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனால் இருவரும் ஆற்றைக் காட்டிக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள்.

மழை விட்டது. வந்த வேகத்தில் தண்ணீரும் வடிய ஆரம்பித்தது. கரையில் ஒதுங்கிய கிளைகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் அள்ளுவதற்கு இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் நீளக் கம்பு வலை. அம்மா விடுவாரா?

“எந்த ஊருப்பா?”

“மன்னார்குடி பக்கம்மா.”

“ஆத்தோரமா?”

“ஆமாம்மா. பாமணியாறு.”

“இங்க தினம் இதே வேலையா?”

“மழை பெஞ்சா உடனே வந்துருவோம்மா. குப்பை நிக்கக்கூடாதுல்ல” என்று சொல்லிவிட்டு அவர் வலையோடு நகர்ந்தார். அம்மா அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி நடக்கும்போது நான் வழக்கம்போல் பெருமை பேச ஆரம்பித்தேன். காலாங் வடிநிலம் ஒருகாலத்தில் நாற்றமடித்தது, பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் இருந்தன, 1977இல் சுத்தப்படுத்தத் தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் முடித்துக்காட்டினார்கள், 2008இல் மரினாவில் அணைக்கட்டுக் கட்டிக் கடல்நீரைத் தடுத்தார்கள், இன்றைக்குப் பெய்த இந்த மழைகூட அங்கே போய்ச் சேர்ந்து சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு வரலாம் என்றெல்லாம் சொன்னேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“நல்லாப் பாத்துக்குறாங்க. பாத்துக்குறது யாரு? மன்னார்குடிப் புள்ள. பாமணியாத்த யாரு பாத்துக்குறா, குடமுருட்டிய யாரு பாத்துக்குறா? பாத்துக்க வேண்டியவங்க எல்லாம் இங்க வந்து பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

குத்தலாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். அதனால்தான் அது இன்னமும் காதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வருவதற்கு முன், வைகாசியில், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். வாய்க்காலைத் தூர்வாரி, படித்துறையில் சேர்ந்த மண்ணை அள்ளி, கரையில் மண்டிய காட்டாமணக்கை வெட்டுவார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டு ஆள் அப்பா. மோர்ப் பானையைச் சுமந்துகொண்டு பின்னால் போவது நான். கல்லூரியில் படிக்கும்போது இரண்டு ஆண்டு நானே ‘வீட்டு ஆளாக’ப் போயிருக்கிறேன். கை கொப்பளித்து ஒரு வாரம் சோற்றைக் கரண்டியால் தின்றேன்.

இப்போதும் பத்துப் பதினைந்து பேர் அதைச் செய்கிறார்கள். எங்கள் வீட்டுப் பங்கைப் பணமாக அனுப்பிவிடுவேன். அம்மா கூலிக்கு ஆள் பிடித்துவிடுவார். கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை. கடமை முடிந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். “பணம் வருது தம்பி. பாதி வீட்டுலேருந்து பணம்தான் வருது. ஆளுதான் இல்ல” என்றார் அம்மா. படித்துறையில் பதினொரு படிகள். இந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறதாம். ஆனால் கீழ்ப்படிகள் பெயர்ந்துவிட்டதால் பெண்கள் இறங்கப் பயப்படுகிறார்களாம்.

அன்று இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள், “அப்பாயி, உங்க ஆத்துல நீர்நாய் இருக்கா?”

“எங்க சின்ன வயசுல இருந்துச்சு. கரையில உக்காந்து மீன் திங்கும். இப்பக் கண்ணுல படுறதில்ல.”

“நான் ஏன் அந்த ஆத்தப் பார்த்ததே இல்ல?”

அவள் கேட்டது என்னை. அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் நாங்கள் ஊருக்குப் போவது எப்போதும் டிசம்பரில். பள்ளி விடுமுறை நீளம், அலுவலகத்திலும் விடுப்புக் கிடைக்கும், வெயிலும் இருக்காது. சொந்தக்காரர் வீடுகள், கோவில்கள், துணிக்கடை, திரும்பல். எனக்குத் தெரிந்த ஊரை அவளுக்கும் ஒரு பட்டியலாகத்தான் காட்டியிருக்கிறேன். ஜூனிலும் பள்ளி விடுமுறைதான். வைகாசித் தூர்வாரலும் மேட்டூர் திறப்பும் அந்த நான்கு வாரங்களுக்குள்தான் வருகின்றன. ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை.

அம்மாவை இங்கேயே இருந்துவிடச் சொன்னேன். வழக்கம்போல் சிரித்தார். செப்டம்பரில் வழியனுப்பி வைத்தோம். அடுத்த வாரமே அடுத்த ஆண்டு ஜூனுக்கு மூன்று பேருக்கும் விமானச் சீட்டு எடுத்தேன். ஊரைத் திருத்தப் போகிறேன் என்றெல்லாம் இல்லை. பத்து நாள் மண் வெட்டினால் ஆறு சுத்தமாகிவிடாது என்பது எனக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவிடம் விவரம் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்:

“அப்ப நம்ம வீட்டுக்குக் கூலி ஆளு வேணாம்னு சொல்லிடுறேன். உங்கப்பா மண்வெட்டிக்குப் புடி மட்டும் மாத்தணும்.”