உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்: தீர்ப்புக்கு முன் கழியும் நாட்களின் கணக்கு

மாண்புமிகு உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைஃபுடின் நசுத்தியோன் இஸ்மாயில் அவர்களுக்கு,

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பள்ளியிலேயே பல்லாண்டு பாடம் சொல்லி, இன்று சிரம்பான் நகரின் ஓரத்தில் ஓய்வாக வாழ்ந்துவரும் ஒரு பிரஜை, தங்கள் இலாகாவின் பொறுப்பிலுள்ள சிறைச்சாலைகளைப் பற்றிப் பகிரங்கமாக எழுதத் துணிவதற்குக் காரணம் ஒன்றே. நாட்டின் சிறைகளில் இடம் போதவில்லை என்பதைத் தாங்களும் தங்களுக்கு முன் இப்பதவியை வகித்தவர்களும் பலமுறை எடுத்துரைத்திருக்கிறீர்கள்; அண்மை ஆண்டுகளில் கைதிகளின் தொகை 80,000-ஐத் தாண்டியதும், சிறைகளின் கொள்ளளவு அத்தொகைக்கு ஈடுகொடுக்காததும் அரசாங்கமே ஒப்புக்கொண்ட விஷயங்கள். ஆனால் அவ்வாறு உள்ளே இருப்பவர்களுள், குற்றவாளி என்று எந்த நியாயஸ்தலமும் இன்னும் தீர்மானிக்காதவர்கள் யார், எந்தக் காரணத்தினால் அவர்கள் அங்கே இருக்கிறார்கள், எத்தனை நாட்களாக இருக்கிறார்கள் என்ற விவரம், நாடாளுமன்றத்தில் யாரேனும் கேள்வி எழுப்பும்போது ஒரு மொத்த எண்ணாக வெளிப்படுவதைத் தவிர, ஜனங்களின் பார்வைக்கு முறையாக வருவதில்லை. அந்தக் கணக்கைக் கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

தோட்டத்து ஜனங்களுக்கும் சிறைக்கும் உள்ள சம்பந்தம் நேற்று ஏற்பட்டதன்று. 1910-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்கும் முறை நிறுத்தப்படும் வரையில், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு வெளியேறிய தொழிலாளி, வாக்குத் தவறியவனாக மட்டும் கருதப்படாமல், குற்றவாளியாகவே மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட்டான்; சிறைக்கும் அனுப்பப்பட்டான். 1895-இல் கட்டப்பட்ட புடு சிறையில், 1949 மே 4-ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்ட செய்தியை முதியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அந்தக் காலம் போயிற்று. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாயிலும் லாபுவிலும் செண்டாயானிலும் பால்மரக் காடுகள் இருந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. வேலை போனால் வீடும் போகும் என்ற தோட்டத்து நியதிப்படி லயத்தைக் காலிசெய்த குடும்பங்கள், கோயிலும் பள்ளியும் திடலும் பின்தங்கிவிட, நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. அங்கே வளர்ந்த பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் எந்த வழியில் சென்றார்கள் என்பதை, 2013-இல் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்ட தங்கள் அமைச்சு நன்கறியும். குற்றம் புரிந்தவர்களைத் தண்டிக்கலாகாது என்று நான் வாதாட வரவில்லை. கும்பல்களின் கொடுமையை முதலில் அனுபவித்தவர்களும், பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் எங்கள் ஜனங்களே. தண்டனைக்கு முந்திய காலத்தைப் பற்றியதே என் முறையீடு.

ஓர் இளைஞனைப் போலீஸார் கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுவர வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி கட்டளையிடுகிறது. அதற்குமேல் புலன்விசாரணைக்காக வைத்திருப்பதற்கு, குற்றத்தின் தன்மைக்கேற்ப 7 நாட்கள் அல்லது 14 நாட்கள் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. இவ்வளவு தூரம் சட்டம் நாட்களை எண்ணுகிறது. 2012 முதல் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இந்தக் கட்டத்திலேயே ஏழைகளுக்காக வந்து நிற்பதும் நன்றியுடன் குறிப்பிடத்தக்கது. ஆனால் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட மறுகணத்தில் எண்ணுவது நின்றுவிடுகிறது. அதன்பின் விசாரணை முடியும் வரையில் ஒருவன் எத்தனை மாதம், எத்தனை வருஷம் சிறையில் கிடக்கலாம் என்பதற்குப் பொதுவான வரம்பு எதனையும் நமது சட்டம் வைக்கவில்லை. போதைப்பொருள் வழக்காக இருந்து, குற்றம் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறைக்கோ மரண தண்டனைக்கோ உரியதாயிருந்தால், அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு ஜாமீன் என்ற கதவையே அடைத்துவிடுகிறது; கைப்பற்றிய பொருள் இன்னதுதான் என்று இரசாயன இலாகா அறிக்கை தரும்வரை வழக்கு ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போகிறது. ஜாமீன் கிடைக்கக்கூடிய வழக்கிலோ வேறொரு தடை நிற்கிறது. நியாயஸ்தலம் கேட்கும் சில ஆயிரம் வெள்ளியைச் செம்பனைக் குலை வெட்டிப் பிழைக்கும் தகப்பனால் ஒரே நாளில் புரட்ட முடிவதில்லை. அடகுக் கடைக்குப் போகத் தாலிக்கொடியும் மிஞ்சாத வீடுகள் எத்தனையோ உண்டு. ஆகவே, ஒரே குற்றச்சாட்டுக்கு ஆளான இருவருள் பணமுள்ளவன் அன்று மாலையே வீடு திரும்ப, பணமில்லாதவன் சிறைக்குள் புகுகிறான். சட்டம் இருவரையும் நிரபராதிகள் என்றே அனுமானிக்கிறது.

பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் தன் மகனைப் பார்க்கச் சிரம்பானுக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தங்கள் அதிகாரிகள் அறிவார்களா என்று ஐயுறுகிறேன். விடியுமுன் எழுந்து, அயல்வீட்டாரின் வாகனத்துக்கு எண்ணெய்க் காசு கொடுத்து, கோலாப்பிலா மலைவழி இறங்கி வந்து, அன்றைய சம்பளத்தையும் இழந்து, நியாயஸ்தலத்து வராந்தாவில் காத்திருந்தால், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்ற ஒரு வார்த்தையோடு அவள் திரும்ப வேண்டியதாகிறது. மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் நடந்த பேச்சில் என்ன நடந்தது, ஏன் ஒத்திவைத்தார்கள், அடுத்த தேதி எது என்பதைக்கூட அவளுக்கு நிதானமாய்ச் சொல்வார் இல்லை. சிறைக்குப் போய்ப் பார்க்கையில், மகன் கண்ணாடிக்கு அப்பாலிருந்து எப்போது வருவேன் அம்மா என்று கேட்டால், பதில் சொல்லத்தக்கவர் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார் சிலர் இவ்வாறு அலைந்ததை நேரில் கண்டவன் என்பதால், இதை அனுமானமாக எழுதவில்லை.

பழைய தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு என்று ஒன்று உண்டு. கங்காணி பெயர் கூப்பிட, கிராணி செக்ரோல் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். முழுநாள் வந்தவன் யார், அரைநாளோடு திரும்பியவன் யார், ஆஸ்பத்திரியில் இருப்பவன் யார் என்பதை மாலைக்குள் துரையின் மேசையில் அந்தப் புத்தகம் சொல்லிவிடும். கம்பெனி தன் கூலிச் செலவுக்காக வைத்த கணக்கு அது. தொழிலாளியின் மீது கொண்ட தயையினால் வைத்ததன்று. சில சதங்களைக் காப்பதற்காக ஒரு தனியார் கம்பெனி அவ்வளவு சிரத்தையோடு நாட்களை எண்ணியது என்றால், குடிமக்களின் சுதந்திரத்தையே தன் கையில் எடுத்து வைத்திருக்கும் ராஜாங்கம், தீர்ப்பின்றி அடைபட்ட ஒவ்வொருவரின் நாட்களையும் எண்ணி ஆண்டுதோறும் வெளியிடுவதில் என்ன பிரயாசை இருக்க முடியும்?

அது அசாத்தியமானதன்று என்பதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. நமது குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு வந்தது. அந்த இந்தியாவில், 1979-இல், பீகார் மாநிலச் சிறைகளில் தாங்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணையின்றிக் கிடந்த ஏழைகளின் சார்பில் ஹுசைனாரா காத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, நீதிபதி பி. என். பகவதி, விரைவான விசாரணை என்பது உயிருக்கும் சுதந்திரத்துக்குமான அடிப்படை உரிமையில் அடங்கியதே என்று தீர்ப்பளித்தார். பின்னர் அந்நாட்டு நாடாளுமன்றம், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விடவேண்டும் என்ற ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்த்தது; 2023-இல் இயற்றிய புதிய சட்டத்தில், முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அதனை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. அங்கே சிறைகள் நெரிசலின்றி இருக்கின்றன என்று சொல்ல வரவில்லை; பீகார் போன்ற மாநிலங்களில் நெரிசல் உண்டு, தாமதமும் உண்டு. எனினும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவர நூலை விரித்தால், விசாரணைக் கைதிகள் எத்தனை பேர், எத்தனை மாதமாய் இருப்பவர் எத்தனை பேர், அவர்கள் படிப்பு என்ன என்பதெல்லாம் மாநிலவாரியாக அச்சில் கிடக்கின்றன. அரசாங்கத்தின் குறையை அரசாங்கத்தின் ஏட்டைக் கொண்டே அந்நாட்டுப் பத்திரிகைகள் எடுத்துக்காட்டுகின்றன. இங்கிலாந்திலோ, கடுமையான குற்ற வழக்குகளில் விசாரணைக்கு முன் 182 நாட்களுக்கு மேல் ஒருவரைக் காவலில் வைக்க வேண்டுமானால், அரசுத் தரப்பு நீதிபதியிடம் சென்று காரணம் காட்டி நீட்டிப்புப் பெறவேண்டும்.

நமது சட்டத்தில், குற்றம் நிரூபணமானவனுக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் நீதிபதி, கைதான நாளிலிருந்தே அத்தண்டனையைக் கணக்கிடுமாறு உத்தரவிடலாம். குற்றவாளிக்கு அவன் கழித்த நாட்கள் அவ்வாறு வரவு வைக்கப்படுகின்றன. நிரபராதி என்று விடுதலையானவனுக்கு அவற்றை எதிலே கழிப்பது? அவனுடைய வேலையும், தங்கையின் கல்யாணமும், தகப்பனின் கடைசி நாட்களும் அந்த நாட்களோடு போய்விட்டன. அவ்வாறு விடுதலை அடைந்தோர் எத்தனை பேர் என்று தங்கள் இலாகா எழுதி வைத்திருக்கிறதா என்பதை அறிய விரும்புகிறேன்.

கணக்குச் சொல்லாத இடத்தில் எது நிகழ்ந்தாலும் வெளியே தெரிவது கடினம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் ஏ. குகன் மாண்டதும், 2013-இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு 8 லட்சம் வெள்ளிக்கு மேல் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்ததும் நாடறிந்தவை. அதே 2013-இல் எங்கள் மாநிலத்துத் தம்பின் லாக்கப்பில் ஒருவர் மாண்டு, மரண விசாரணை நடந்தது. போலீஸ் படையைச் சீர்திருத்த அமைந்த அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளை வழங்கி, சுயேச்சையான புகார் ஆணையம் வேண்டும் என்றது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஆணையமோ தானே தண்டிக்கும் அதிகாரம் பெறவில்லை, சிறைச்சாலைகளும் அதன் வரம்புக்குள் இல்லை. 2025 ஜனவரி 17-ஆம் தேதி தைப்பிங் சிறையில் கைதிகளை ஒரு கூடத்திலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றும்போது நேர்ந்த சம்பவத்தில் ஒரு கைதி இறந்துபோக, அதைப் பற்றி மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது. 1879-இல் கட்டிய சிறையில் எத்தனை பேரை எங்கே வைப்பது என்ற திட்டமிடலும், அவர்களை நடத்தும் முறையும் வேறுவேறு விஷயங்கள் அல்ல என்பதை அச்சம்பவம் காட்டியது.

வீட்டுக் காவலுக்குப் புதிய சட்டம் வரும் என்று 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்ட உரையில் பிரதமர் அறிவித்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் வீட்டுக் காவலுக்கு முதலில் ஒரு வீடு வேண்டும். லயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டு, வாடகை மாறிமாறி வாழும் குடும்பத்தின் மகனுக்கு நிலையான முகவரி இல்லை என்ற காரணத்தால் அச்சலுகை மறுக்கப்படுமானால், ஜாமீனில் நடந்த அநியாயம் வேறு வடிவில் மீண்டும் நடக்கும்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது இது: புதிய சிறைக் கட்டடம் எதற்கும் பணம் கேட்டு நாடாளுமன்றத்துக்குச் செல்லுமுன், ஒவ்வொரு மாநிலத்திலும் ஜாமீன் கட்ட இயலாமல் உள்ளே இருப்பவர் எத்தனை பேர், ஜாமீன் மறுக்கப்பட்டவர் எத்தனை பேர், ஆறு மாதத்தையும் ஓராண்டையும் ஈராண்டையும் கடந்தவர் எத்தனை பேர், அவர்களுள் முடிவில் விடுதலையானவர் எத்தனை பேர் என்ற விவரத்தை மேசைமேல் வையுங்கள், அதை ஆண்டுதோறும் செய்யுங்கள். 1995-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி சிறைகளைப் பார்வையிடும் வருகை நீதிபதிகளின் அறிக்கைகளை வெளியிடுங்கள். ஓராண்டைக் கடந்த ஒவ்வொரு விசாரணைக் கைதியின் கோப்பையும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் நியாயஸ்தலத்தின் முன் கொண்டுவந்து காரணம் காட்டவேண்டும் என்ற விதியைச் சட்டத்துறைத் தலைவருடனும் நீதித்துறையுடனும் கலந்து ஏற்படுத்துங்கள். சிரம்பான் சிறையிலும் ஜெலுபு சிறையிலும் இதைத் தொடங்கினால், பகாவிலும் சிலியாவிலும் ரந்தாவிலும் காத்திருக்கும் குடும்பங்கள் தங்கள் பதிலை முதலில் வாசிக்கும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
சிரம்பான்வாழ் முன்னாள் தோட்டப் பள்ளி ஆசிரியன்