மானம் யாருடையது?

“பிள்ளைக்கு நடந்ததை வெளியே சொன்னால் மானம் போகும். வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம், ஊர் மூக்கை நுழைக்கத் தேவையில்லை” என்கிறார்கள். போவது யாருடைய மானம்? குற்றம் செய்தவனுடையதை ஏன் பிள்ளையின் தலையில் சுமத்துகிறீர்கள்?

‘வீட்டுக்குள்ளே’ என்கிறீர்கள். துன்புறுத்துபவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான்: உறவினர், அயலவர், ரியூஷன் மாஸ்டர். அப்படியிருக்க, வீட்டுக்கதவை அடைத்தால் யாருக்குப் பாதுகாப்பு?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றை நினைத்துப்பாருங்கள். நேற்றுவரை மின்தூக்கிப் பொத்தானை அமத்தச் சண்டைபிடித்த சிறுமி, இன்று ரியூஷன் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி ஐந்து மாடியும் படியேறுகிறாள். மின்தூக்கிக்குள் யாரோடு தனியே நிற்க அஞ்சுகிறாள்? தாய் வேலையில். முதலில் கவனிக்கக்கூடியவர் எதிர்வீட்டு அன்ரிதான். அவர் “என்னம்மா?” என்று கேட்பது மூக்கு நுழைப்பா?

வம்பளப்பது வேறு, காவல் நிற்பது வேறு. கேட்ட கதையை ஊரெல்லாம் பரப்புவது இன்னொரு கொடுமை. பிள்ளையை நம்பி, 24 மணிநேரமும் இயங்கும் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதுதான் காவல். அந்த அழைப்பை ஏற்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

2025 மே மாதம், துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறப்பட்ட ஒரு மாணவியின் மரணத்துக்கு நீதி கேட்டுக் கொட்டாஞ்சேனையில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். நியாயமான கோபம். ஆனால் பிள்ளை உயிரோடிருக்கும்போதே அவளுக்குக் காதுகொடுக்கும் ஊர்தான் நமக்கு வேண்டும்.